வந்து சேராத ஆன்டிபாடி

லேபில் இன்டர்காம் ஒலித்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். "சேச்சி, ஒரு தமிழ் வந்நிட்டுண்டு. ஒந்நு வருமோ?" ஆள் என்று சொல்ல மாட்டார்கள், தமிழ் வந்திருக்கிறதாம். அம்பாசமுத்திரத்திலிருந்து நான் திருவனந்தபுரம் வந்தது திசுப் பரிசோதனை டெக்னீஷியன் வேலைக்கு. மொழிபெயர்ப்பு வேலை யாரும் கேட்காமலே கூடவே ஒட்டிக்கொண்டது.

அன்று ரிசப்ஷன் படிக்கட்டில் ஒருவர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். முருகேசன்; பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளி. அவர் மனைவி லட்சுமிக்கு மார்பில் கட்டி. அதிலிருந்து எடுத்த சதைத் துண்டு எங்களிடம் இருந்தது. அதன் செல்களில் ஹெர் டூ என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார். அந்தப் புரதத்தைக் காட்டித் தரும் ஆன்டிபாடி தீர்ந்து போயிருந்தது.

"மேடம், அவ நல்லா நடக்கா. காலையில சாயா போட்டுத் தந்தா," என்றார். "பாடி வந்தாத்தான் ரிப்போர்ட் தருவோம்னு இவுங்க சொல்லுதாங்களே."

ரிசப்ஷன் பெண் திகைத்தாள். "ஆன்டிபாடி எத்தியிட்டில்ல என்னல்லே ஞான் பறஞ்ஞது?" ஆன்டிபாடி வந்து சேரவில்லை என்று அவள் சொன்னதில், அவர் காதில் பாடி மட்டும் விழுந்திருக்கிறது.

"அது பாடி இல்லண்ணே. சொட்டு மருந்து மாதிரி ஒண்ணு. அக்கா சதையில ஒரு புரதம் இருக்கான்னு பாக்குறதுக்கு."

"புரதமா? பருப்புல உள்ளதா?"

"அது வேற," என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஊரில் பழகிய லேபில் ரிப்போர்ட் தாமதமானால் வந்தவர் கத்துவார், நானும் கத்துவேன், மாலைக்குள் ஏதாவது நடக்கும். இங்கே பர்ச்சேஸ் பிரிவில் யாரும் கத்துவதில்லை. "செரியாக்காம்", சரி செய்துவிடலாம் என்பார்கள். நான்கைந்து முறை அதைக் கேட்ட பிறகு குப்பி வந்தது. பெட்டியைத் திறந்தால் ஐஸ் உருகி, கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஹெர் டூ இருப்பது உறுதியான சோதனைத் துண்டில்கூட நிறம் ஏறவில்லை; மருந்து கெட்டுப் போயிருந்தது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதை ஏசி அறையில் வைத்திருந்த ஸ்டோர்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஏசி ரூமிலாணல்லோ வெச்சிருந்நது." கோபம் வந்தால் எனக்கு மலையாளம் வராது. தமிழில் கத்தினேன். சினிமா பார்ப்பதுபோல எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மலைமேல் காத்திருக்கிறாள் என்பதை எந்த மொழியில் சொல்வது?

இரண்டாவது குப்பிக்கு நானே கூரியர் அலுவலகம் போனேன். மைக்ரோஸ்கோப்பில் லட்சுமியின் செல்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் அடர்ந்த பழுப்பு. புரதம் மிகுதி; அதற்கென்றே மருந்து உண்டு. டாக்டர் கையெழுத்திட்டதும் போன் செய்தேன்.

"லட்சுமிச் சேச்சியல்லே? ரிப்போர்ட் ரெடியாயி. நாளெ டாக்டரெக் காணணம்."

"சரிங்க, மொத பஸ்ஸுக்கே வந்துருதோம்."

"கூடெ ஆளு வேணம், கேட்டோ."

"எங்க வீட்டுக்காரரு வருவாரு." கொஞ்சம் தயங்கினார். "அங்க ஒரு தமிழ் மேடம் உண்டுன்னு சொன்னாரே. அவுங்க இல்லையா?"

"உண்டு," என்றேன். இவ்வளவு நேரம் நான் பேசிய மலையாளம் பிறகுதான் என் காதில் விழுந்தது. "நான்தாங்க்கா."

"ஏங்க, இங்க வாங்க, அந்தத் தமிழ் மேடம்தான் பேசுதாங்க," என்று மறுமுனையில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.