கேலரி உச்சிக்கு ஒரு வெளிக் கம்பெனி லென்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை. ஒரு கம்பெனி லிஃப்டில் இன்னொரு கம்பெனிச் சாமானைப் போடவே கூடாது. போட்டவன் பாதி மாடியில் தொங்குவான். அப்பேர்ப்பட்ட மனிதர் வெளிக் கம்பெனி லென்ஸ் தேடிக் கடைப் படி ஏறினார் என்றால், அந்தப் பெருமை அவர் மகளையே சேரும்.

மகள் கால்பந்து அணியில் கோல்கீப்பர். அப்பா கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று போடுகிற கூச்சலில், பந்தைப் பிடிப்பதா காதைப் பொத்துவதா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஃபைனலுக்கு வாங்கப்பா. ஆனா கேலரி உச்சில உக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது."

"அங்கேர்ந்து பாத்தா நீ எறும்பு மாதிரி தெரிவியே, கண்ணு!"

"எறும்பாவே இருந்துட்டுப் போறேன்."

மகள் ஆடுவதைக் கிட்டத்தில் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் மனைவியின் டிஜிட்டல் கேமரா சும்மா கிடந்தது. தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் ஒன்றை அதில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கம்பெனியின் சொந்த லென்ஸ் விலையைக் கேட்ட மனைவி, "அதுக்கு ஸ்டேடியத்தையே நம்ம வாசலுக்கு மாத்திடலாம்" என்றாள். அதனால்தான் வெளிக் கம்பெனி.

கடைக்காரம்மா கேட்டார்: "என்ன கேமராண்ணே?"

மெக்கானிக் பெருமையோடு பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். லென்ஸ் மாட்டும் வளையத்தை அளந்து, அளவு நகராதபடி திருகை முறுக்கிக் கொண்டுவந்திருந்தார். "இந்த அளவுக்குக் குடுங்கம்மா."

"இது பைப்பு இல்லண்ணே! அளவு ஒண்ணா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி பூட்டு வேற. கேமராவ எங்க?"

"வீட்ல. சாமான் வாங்கப் போறப்ப லிஃப்டையா தூக்கிட்டுப் போறோம்?"

மனைவிக்குப் போன் போட்டார். "கேமரால என்ன பேரு எழுதியிருக்கு, படி."

"பேரு மேலதான் நீங்க டேப்பு ஒட்டியிருக்கீங்களே, திருட்டுப் போகாம இருக்கட்டும்னு."

"பிய்ச்சுப் பாரு."

"பிய்ச்சேன். பேரும் சேந்து வந்துருச்சு."

அரை மணியில் மனைவியே கேமராவும் கையுமாக வந்து சேர்ந்தாள். கடைக்காரம்மா இரண்டு லென்ஸை எடுத்துவைத்தார். ஒன்று இருநூறு எம்.எம். வரை போகும், வெளிச்சத்தை அள்ளும், அம்மிக்கல் கனம். இன்னொன்று முந்நூறு வரை போகும், லேசு, ஆனால் பொழுது சாய்ந்தால் தடுமாறும்.

"ஓரத்துல இருக்கிற இந்த நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் வாங்குற வாய் பெரிசுண்ணே. நம்பர் பெரிசுன்னா வாய் சின்னது."

"அப்ப முந்நூறுங்கிறது?"

"அது வேற நம்பரு, தூரத்துக்கு. அது பெரிசுன்னா பெரிசுதான்."

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் வேறு மாடியில் கதவு திறக்கிறதே!

"மேட்ச் எப்போ?"

"சாயங்காலம்."

"அப்ப வெளிச்சம் முக்கியம். எங்க உக்காருவீங்க?"

"உச்சில."

"அப்ப தூரம் முக்கியம்."

"என்னம்மா, நீங்களே ரெண்டு பக்கமும் பேசுறீங்க?"

கேமராவைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். ஒன்றில் பஸ் டிரைவரின் மீசை தெரிந்தது, மற்றதில் மீசையில் நரை தெரிந்தது. நரையையே வாங்கினார்.

ஃபைனலில் முதல் பாதியிலேயே மகள் ஒரு கோலை விட்டாள். மெக்கானிக் பதறிப்போய் லென்ஸை முழுக்க இழுத்தார். அழுகிறாளோ? இல்லை. சிரிக்கிறாள்! பந்தைக் கோட்டைவிட்ட தோழியின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, எச்சில் தொட்டுக் கையுறையைத் தேய்த்துக்கொள்கிறாள். வீட்டில் ஒரு கோலுக்கு இரண்டு நாள் மூடிக் கிடக்கும் முகமா இது? இத்தனை வருஷம் கம்பத்துக்குப் பின்னால் நின்று அவர் பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான்.

"படம் எடுக்கிறீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

"இரு, நம்ம பொண்ணுதானான்னு பாத்துக்கிறேன்."

"கீப்பர் சட்டை போட்டவ அந்தப் பக்கம் ஒருத்திதானே!"

அடுத்த பந்து பாய்ந்து வந்தது. அவருக்கு வாய் தானாகத் திறந்தது. மனைவி சட்டென்று அதைப் பொத்தினாள். அவர் பட்டனை அமுக்கினார்.

படம் இருட்டாகத்தான் விழுந்தது. பந்து அதில் இல்லை. பல்லெல்லாம் தெரிய, பயமே இல்லாமல் பாய்கிற ஒரு பெண் மட்டும் இருந்தாள். பிடித்தாளா விட்டாளா என்று கேட்க மெக்கானிக்குக்குத் தோன்றவே இல்லை.