கிளி திறப்பதற்குள்

எங்கள் பிரிண்டிங் பட்டறைக் கம்ப்யூட்டரில் கிளி டிசைனைத் திறக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். அந்த நேரம் என்னுடையது.

எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் பேசப் பேசப் போன்தான் எழுதிக்கொள்கிறது. ஆனால் பனியனில் நாங்கள் அடித்த ஒவ்வொரு படத்தின் கலர் வரிசையும் மனதில் இருக்கிறது.

படம் திறக்கும்வரை பொறுக்காமல் டிசைனர் கவிதா, தாத்தா முறை வைத்து, என்னைத்தான் கேட்பாள். "கிளிக்கு எத்தன கலருங்க அப்புச்சி?"

"ஆறு கண்ணு. மொதல்ல வெள்ளை."

இன்று கம்ப்யூட்டர் சரிசெய்யும் பெண் வந்தாள். ராம் மெமரியைக் கூட்டினாள், புது எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டினாள், அடைத்துக் கிடந்த பழைய ஃபைல்களை ஒதுக்கினாள்.

"இப்பக் கிளியத் தெறந்து பாருங்கக்கா."

கவிதா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கிளி திரையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! ஆறு கலரும் வந்துருச்சுங்க!"

அந்தப் பெண் என்னிடம், "நல்லா ஓடுதுங்களா அப்புச்சி?" என்றாள்.

"ரொம்பவே ஓடுது கண்ணு" என்றேன். ஒரு தகரப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற வயதா எனக்கு?

உங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாக ஓடினால் சொல்லுங்கள். சரிசெய்துவிடாதீர்கள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.