குழலின் அடியில் இருந்த முத்திரை

அண்ணன் இறந்து இரண்டு மாதம் கழித்து, அப்பாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைக்க முசிறியிலிருந்து அண்ணி திருச்சிக்கு வந்தார். லைசென்ஸ் அண்ணன் பெயரில் இருந்ததால் இனி அதை வீட்டில் வைத்திருக்க முடியாது; துப்பாக்கிக் கடைக்கு நானும் கூடப் போனேன். அது அப்பாவுடையதே அல்ல என்று ஒன்பது வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் துப்பாக்கியில் கறுத்த மரக்கட்டை இருந்தது. அண்ணன் வீட்டில் நான் பார்த்ததில் வெளிறிய புதுக்கட்டை. அசலை விற்றுத் தின்றுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன். அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடைக்காரர் குழலைக் கழற்றி, அடியில் படிந்திருந்த கருப்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். செய்தவரின் முத்திரையும் பக்கத்தில் ஒரு நம்பரும் தெரிந்தன. அப்பாவின் பழைய லைசென்ஸில் இருந்ததும் அவைதான்.

"அசல்தாங்க. கட்டையை மட்டும் மாத்தியிருக்காங்க."

"கரையான் அரிச்சுடுச்சு," என்றார் அண்ணி. "அவரு அன்னைக்கே சொன்னாரு தம்பி. நீங்கதான் காதுலயே வாங்கலை."

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். கண் கலங்கியதில் எழுத்து தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றபடி அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

 சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரை முசிறி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே போனேன்.