அஞ்சம்மாள் எண்ணிய பூநாரைகள்

சுப்ரமணியன் சாரின் தட்டில் எப்போதும் பாதி இட்லி மிஞ்சும். இடது பக்கம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கும். வலது பக்கம் வைத்தது வைத்தபடி கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அஞ்சம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும், பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டது போதாதென்று வலப்பக்கப் பார்வையையும் கொண்டுபோயிருந்தது. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அவர் கவனத்துக்கு வராது. அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். புதிதாகப் பரிமாறியதுபோல் அதையும் சாப்பிடுவார்.

அஞ்சம்மாளுக்குக் கோவளத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பம். கல்யாணமாகும்வரை முட்டுக்காட்டு உப்பங்கழியில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவள். அதற்குப் பிறகு மாமியாரோடு கருவாடு விற்றாள். புருஷன் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தான். அந்த மூன்று வருஷத்தில் கற்றதை வீணாக்குவானேன் என்று, நாற்பத்தைந்து வயதில் தாம்பரத்தில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். 2007 தீபாவளி கழிந்து கீழ்க்கட்டளையில் சார் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். சாரோடு அங்கே அவர் மகள் வினிதா இருந்தாள்.

டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவை எண்ணுவார்கள். சாலை வளைகிற இடம் பதினெட்டு வருஷமாக அவருடையது. இந்தத் தடவை, எண்ணிக்கையை நடத்துகிற கல்லூரி ஆசிரியர் தினகரன் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"சார், இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. உங்க எடத்துல வேற யாரையாவது நிறுத்திக்கிறேன்."

அவர் போனபிறகு சார் தட்டின் இடது பக்கத்தையும் தொடவில்லை. "எண்... எண்ணணும்," என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார்.

"அங்க போய் முடியலன்னா அப்பா இன்னும் டிப்ரெஸ் ஆயிடுவார்க்கா," என்றாள் வினிதா.

"இங்க மட்டும் இன்னாத்த சந்தோஷமா கீறாரு? மூணு மாசமா அந்த ஃபேனத்தான் பாத்துகினு கீறாரு. நான் இட்டுகினு போய் இட்டாறேன், வுடு."

வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தினகரனுக்குப் போன் போட்டாள். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒளிக்காமல் சொன்னார்: இந்த முறை கணக்கு சரியாக வந்தால் வளைவு சாருடையதாகவே இருக்கும். தப்பினால் அடுத்த வருஷம் வேறு ஆள்தான். சர்க்காருக்குப் போகிற கணக்கு.

"பத்து மணிக்குள்ள வீட்ல இருக்கணும்," என்றாள் வினிதா. "பத்தரைக்கு பிசியோ வராரு."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஐசக்கின் ஆட்டோவில் கிளம்பினார்கள். மடக்கிய சக்கர நாற்காலி பின்னால் கட்டியிருந்தது. பனி மூட்டத்தில் கீழ்க்கட்டளை ஏரிக்குக் கரையே இல்லை. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் கால்வாயாகக் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, வீடுகளுக்கு நடுவில் காணாமல் போனது, நாராயணபுரம் ஏரியாக மறுபடி எழுந்தது. ஆட்டோ போகிறதா, தண்ணீர் போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். சார் கண்ணை மூடவே இல்லை.

"மரமே இல்லாத எடத்துக்குக் காப்புக்காடுன்னு போன வருஷம் போர்டு வச்சிகீறாங்கோ, பாத்தியாக்கா?" என்றான் ஐசக்.

"கொசு கீதுல்ல? காட்டுக்கு அது போதும்."

வளைவில் நாற்காலியை இறக்கி, பிரேக் போட்டு, சாரின் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. சம்புப் புல்லின் நுனிகள் முதலில் வந்தன, கீழே தண்ணீர் பிறகு வந்தது. நீலக் கோழிகள் இலைமேல் இலையாகக் கால் வைத்து நடந்தன. தூரத்தில் குப்பைமேட்டுப் புகைகூட அந்த வெளிச்சத்தில் மேகம்போல் நின்றது. காற்றில் ஒரு வாடை வந்தது. சேறும் உப்பும் அழுகிய புல்லும் கலந்த அதை அவள் மூக்கு உடனே அடையாளம் கண்டது.

"இந்தத் தண்ணி எங்க போவுது சார்?"

சார் யோசித்து, இடது கையால் தெற்கே காட்டினார். "மடு... கால்வா... முட்டுக்..."

முட்டுக்காடு. சின்ன வயதில் அவள் மார்புவரை இறங்கிய தண்ணீர் இங்கிருந்துதான் மடுவும் கால்வாயும் தாண்டி நடந்து வந்திருக்கிறது. ஒருகணம் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கே நழுவியது. விரலிடுக்கில் இறால் துள்ளுவதுபோல் இருந்தது.

சார் பைனாகுலரை இடது கையில் தூக்கி, உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தார். கூழைக்கடா, நாரை, தாரா. படிவத்தில் கோணல் கோணலாக எழுதினார். பூநாரை என்ற இடத்தில் நாற்பது போட்டார்.

அஞ்சம்மாள் வலப்பக்கம் பார்த்தாள். தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய துணியை விரித்தாற்போல் இருந்தது. துணி அசைந்தது. அத்தனையும் பூநாரை. தட்டைத் திருப்புவதுபோல் நாற்காலியைத் திருப்பினாள். சாரின் வாய் திறந்தது. எண்ணினார், முந்நூறு வந்தபோது கூட்டம் நகர்ந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவையும் கணக்கு கலைந்தது. பைனாகுலரை அவளிடம் நீட்டினார்.

"நீ."

அவள் மறுக்கவில்லை. கருவாடு எண்ணிய பழக்கத்தில் கண்ணாலேயே நாலு நாலாகத் தள்ளினாள். "லாபம், ரெண்டு, மூணு..." என்று உதடு முணுமுணுத்தது. ஒன்று என்பதற்கு லாபம் என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். ஒவ்வொரு நூறுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சு. வளைந்த கழுத்துகள் தண்ணீருக்குள் போய் வந்தன, அவற்றின் நிழல்களும் போய் வந்தன. ரொம்ப நேரம் வேறு சத்தமே இல்லாததுபோல் இருந்தது. பன்னிரண்டு முடிச்சும் பதினாறு பறவையும். முதலில் எண்ணிய நாற்பதும் இதில் அடக்கம், அதை அடித்துவிட்டு ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு என்று சார் எழுதினார்.

தினகரன் வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார். "பிரமாதம் சார்! அடுத்த வருஷமும் வளைவு உங்களுக்குத்தான்."

ஆட்டோ ஏறியதும் சார் தூங்கிவிட்டார், வேலைக்கு வந்ததிலிருந்து அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முதல் முடிச்சு அவிழ்ந்தபோது வாய் தானாகச் சொன்னது: "இது கொசுறு."

கை நின்றது. மாமியார் கருவாடு எண்ணித் தரும்போது நூறு முடிந்ததும் இன்னொரு நாலைக் கணக்கில் சேர்க்காமல் கூடையில் போடுவாள், போட்டபிறகுதான் முடிச்சு. வாங்குகிறவர்களுக்கு அந்த நாலு கொசுறு. இருபது வருஷம் அப்படி எண்ணிய கண், இன்றும் நூற்றுக்கு நாலு பூநாரையைக் கொசுறாகத் தள்ளிவிட்டிருந்தது.

சார் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் வளைவு போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மணி ஒன்பதரை. அஞ்சம்மாள் நாராயணபுரம் வரை யோசித்தாள். மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டு நோட்டில் சரியாக எழுதுகிற ஆட்களை அவளுக்குத் தெரியும். அவர்களை அவளுக்குப் பிடிக்காது.

"ஐசக், திருப்புப்பா."

"இன்னாக்கா, பேஜாரா கீது! அங்க இன்னாத்த வுட்டுட்டு வந்த?"

"நாப்பத்தெட்டு பறவைய. திருப்பு."

படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த தினகரன் முன்னால் போய் நின்று ஒரே மூச்சில் சொன்னாள்: பூநாரையை எண்ணியது சார் இல்லை, தான், அதுவும் தப்பாக. ஆட்டோவுக்குள் விழித்துக்கொண்ட சாரின் முகம் சிவந்தது.

தினகரன் ஆட்டோவுக்கு வந்தார். "சார், நீங்கதான் இவங்களை எண்ணச் சொன்னீங்களா?"

சார் ஆமென்று தலையாட்டி, பூநாரைகள் இருந்த பக்கம் காட்டினார். பிறகு இடது கையால் தன் கண்ணைத் தொட்டு, அந்தப் பக்கம் தெரியவில்லை என்று கையை ஆட்டினார். அதை அவர் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

தினகரன் படிவத்தை நீட்டினார். சார் பழைய எண்ணை அடித்து, 1264 என்று எழுதினார். எழுத வெகுநேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இத்தனை வருஷத்துல, தன் நம்பர் தப்புன்னு சொல்லித் திரும்பி வந்த முதல் ஆளு நீங்கதான்," என்றார் தினகரன் அவளிடம். எண்ணியவர் பெயர் என்ற இடத்தில் சாரின் பெயருக்குப் பக்கத்தில் அஞ்சம்மாள் என்று எழுதினார். "அடுத்த ஜனவரிக்கு வளைவுல ரெண்டு பேரும் வேணும். ஆனா கொசுறு கிடையாதுங்க."

திரும்புகிற வழியில் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். பாதி வழியில் கேட்டார்: "ஏன்... சொன்ன?"

"நீங்க தூங்கிட்டீங்க சார். எனக்குத் தூக்கம் வரல, அதான்."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "அடுத்த..."

"வருவோம், வருவோம். மொதல்ல வூட்டுக்குப் போய் உங்க பொண்ணுகிட்ட வாங்கிக் கட்டிக்கலாம். மணி பத்தே முக்கால் ஆவுது."

சார் வாய்விட்டுச் சிரித்தார். ஐசக் திரும்பிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.