பூசை அறைக்குப் போன கியர்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அத்தை மகன் அனுப்பியிருந்தான். அம்மா மிக்ஸி என்று நினைத்து ஆசையாகப் பிரித்தார். உள்ளே அலுமினியத்தில் ஒரு கியர் தடியும், சில கம்பிகளும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு காந்தச் சுருளும் இருந்தன.

எல்லாம் தம்பியின் ரேஸ் காருக்கு. சாதாரணக் காரில் கியர் தடியை இடம் வலம், மேல் கீழ் என்று நகர்த்த வேண்டும். இதை மாட்டினால் முன்னால் தள்ளுவது, பின்னால் இழுப்பது, அவ்வளவுதான். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது, பிரேக்கை மிதித்திருக்கும் அதே காலின் குதியால் ஆக்ஸிலேட்டரையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும். மற்றவர்கள் அதைக் காலாலேயே பழகிக்கொண்டார்கள். தம்பி பழகவில்லை. வெயிலில் பழகுவது சிரமமாக இருந்திருக்கும். அந்தக் காந்தச் சுருள் அவனுக்காகவே செய்தது போல இருந்தது. தடியை இழுத்தால் அது தானாகக் கார்புரேட்டரை ஒரு கணம் திறந்து, இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கொடுத்துவிட்டு மூடும். கால் சும்மா இருக்கலாம்.

இப்படிச் சும்மா இருப்பதற்கு வீட்டில் இருக்கும் நாற்காலி போதாதா என்று நினைத்தேன். சொல்லவில்லை. பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். கூடத்தில் ஆண்கள் பேசும்போது காபி டம்ளரோடு உள்ளே போய்த் திரும்புவதுதான் என் பழக்கம்.

அப்பா கெடு வைத்திருந்தார். அடுத்த ரேஸில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் தம்பி தொடர்ந்து ஓட்டலாம். வராவிட்டால் காரை விற்றுவிட்டு, துடியலூரைத் தாண்டி இருந்த எங்கள் பம்பு வார்க்கும் பவுண்டரியில் வந்து உட்கார வேண்டும். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் தம்பி முகத்தில் தெளிவு வந்தது.

ஆனால் பெட்டி வந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை அவன் மறந்துவிட்டான். வெளிநாட்டுப் பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதைப் பார்த்துச் செய்து பிழைக்க ஆரம்பித்தவர் அப்பா. வெளியிலிருந்து எது வந்தாலும் அதைப் பிரித்து அளவெடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அக்கம்பக்கத்துப் பவுண்டரிக்காரர்களும் குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவது போல வந்தார்கள். பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சட்டைப் பையில் அளவெடுக்கும் வெர்னியர் கொண்டுவந்தார்கள்.

“அத்தன தூரத்துல இருந்து வந்தத வண்டில மாட்டிக் கெடுக்கறதா? இதப் பாத்து ஒண்ணு செஞ்சு மாட்டிக்கலாம். ஒரிஜினல் பத்திரமா இருக்கட்டும்” என்றார் அப்பா.

தம்பி, “அதையே மாட்டிக்கலாமுங்கப்பா” என்று ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கும் தைரியம் இல்லை.

பவுண்டரி லேத்தில் அதே போல ஒரு தடியைக் கடைந்தார்கள். சுருளைச் சுற்றியது பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஆள். அசலில் இருந்த மெல்லிய கம்பி அவர் கண்ணுக்கு நோஞ்சானாகத் தெரிந்தது. தடித்த கம்பி போட்டு, கெணத்துத் தண்ணியவே இழுத்துப்போடுமுங்க என்று சொல்லி அப்பா கையில் கொடுத்தார். எல்லோருக்கும் பெருமை. அசலை அம்மா மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசை அறையில் சாமி படங்களுக்குக் கீழே வைத்தார். விளக்கேற்றும்போதெல்லாம் நான் அதையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டியிருந்தது.

ரேஸுக்குக் குடும்பத்தோடு போனோம். தூக்குப்போசிகளில் புளிசாதம். ஊருக்கு வெளியே தார் போட்ட ஒரு பொட்டலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தடம் அமைத்திருந்தார்கள். தம்பி நன்றாகவே ஓட்டினான். கொஞ்ச நேரம் மூன்றாவதாகக்கூட வந்தான். அப்பா பக்கத்திலிருந்தவரிடம் சுருள் நம்ம பவுண்டரியில் சுற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றச் சுற்றச் சுருள் சூடேறியிருக்கிறது. ஒரு வளைவில் தம்பி தடியை இழுத்தான், இன்ஜின் அலறியது, அலறல் நிற்கவில்லை. கார் வளைவை விட்டு நேராகப் போய் வைக்கோலுக்குள் நுழைந்தது. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். மேலெல்லாம் வைக்கோல், அடி ஒன்றும் இல்லை. மற்றக் கார்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

அப்பா ஓடிப்போய் அவனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். அது முடிந்ததும் பானெட்டைத் திறந்து சுருளைத் தொட்டு, விரலைச் சுட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான இழுத்திருக்குது” என்றார்.

“இழுத்ததெல்லாம் சரிங்கப்பா. திரும்ப விடலீங்களே” என்றான் தம்பி.

திரும்பி வரும்போது ஜீப்பில், அசலை மாட்டி இன்னும் ஒரே ஒரு ரேஸ் ஓட்டுகிறேன் என்று கேட்டான். சந்தனம் வெச்சுக் கும்பிட்டதக் கொண்டுபோய்க் காரில் மாட்டுவதா என்று அம்மா பதறினார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி, “சொன்னது சொன்னதுதான் கண்ணு” என்றார். தம்பி வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தான். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது.

அந்தப் பரிதாபத்தை நான் வீணாக்கியிருக்க வேண்டாம். பவுண்டரியில் அவனுக்குத் தனி அறை கொடுத்தார்கள். ஆட்கள் சின்ன முதலாளி என்று கூப்பிட்டார்கள். ரேஸ் பேச்சு ஒரு வாரம்கூட வரவில்லை.

காரை வாங்கியவர் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். எடுத்துப்போக அவர் வந்த மதியம் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாவி எங்கே என்று கேட்டேன்.

“ஆணியில தொங்குதுக்கா” என்றவன், ரசத்துக்கு இலைச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான்.

நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.