லங்காவிக்குப் போகும் வழியில், கடற்பாலத்தின் நடுவில்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் மலேசியாவின் லங்காவித் தீவுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

ஆனால் என் கணவர், எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் செனாய் விமான நிலையத்திலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார். "பாதி விலதான். உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட் நம்ம சுவா சூ காங் வீட்டுக்குப் பக்கம்தானே லா," என்றார்.

இன்று பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஒன்பது மணிக்கும் எங்கள் பேருந்து இரண்டு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தின் நடுவில் அசையாமல் நிற்கிறது. பத்து மணி விமானத்தை இனி மறந்துவிட வேண்டியதுதான்.

நான் கணவரைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் கைப்பேசியில் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கை அக்கா கண் விழித்தார். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து, ஜோகூரில் இருக்கும் வீட்டுக்குத் தினமும் திரும்புகிறவர் என்று பேருந்து ஏறும்போதே சொல்லியிருந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"லங்காவிக்கு அக்கா. ஃப்ளைட்ட விட்டுட்டோம். மூணு மணி நேரமா இதே ஜாம்! நீங்க எப்படித்தான் தினமும் வர்றீங்க?"

"பழகிடுச்சு லா. நான் தூங்குறதே இதுலதான்."

கண்ணை மூடியவர், மறுபடி திறந்து கேட்டார். "லங்காவி நல்லா இருக்குமா? எங்க நாட்டுத் தீவுதான். நான் போனதே இல்ல."

பதிலுக்குக் காத்திருக்காமல் தூங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் மெதுவாகச் சொல்கிறார்: "ரிட்டர்னும் செனாய்தான்மா."

அக்கா தூங்குகிறார். என்னால் இப்போது கத்த முடியாது.

நண்பர்களே, எனக்குப் பதிலாக நீங்கள் கமெண்டில் அவரைத் திட்டுங்கள். அதில் சத்தம் வராது.