பத்தாம் இதழுக்கு விட்ட இடம்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறை வெளியிட்ட ‘வக்கடை’ இதழுக்கு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள். மாறாதிருந்தவர் துறையின் தட்டச்சாளர் கமீலா. 1998 முதல் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டிக் கல்முனையில் ஜவுபரின் அச்சகத்தில் சேர்த்தவர் அவரே. நகல் எடுக்கும் வழக்கம் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, அச்சுக்கோத்து முடித்த பத்தாம் இதழும் அதற்கு எட்டுப் பேர் எழுதிய கதைப் பிரதிகளும் அச்சகத்தோடு கடலுக்குப் போயின. அவர்களில் ஒருவரான பாண்டிருப்பு மாணவி தக்சாயினியும் அன்று இறந்தார்.

மறு ஆண்டு ஆசிரியரான றினாஸ் புதிய இதழுக்குப் பத்து என்று எண்ணிட்டார். கமீலா அதை வெட்டிப் பதினொன்று என்று எழுதினார்.

“அப்ப பத்து எங்க ராத்தா?”

“வரும்.”

வாடகைக் கடையில் மீண்டும் அச்சகம் தொடங்கியிருந்த ஜவுபர் சிரித்தார். “மூத்தவன் பிறக்கல்ல, இளையவனுக்குப் பேர் வெக்கிறா!”

ஏழு பேர் நினைவிலிருந்து திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். தக்சாயினியின் கதைக்கு முதல் வரைவு ஒரு கொப்பியில் இருந்தது. அவர் தாய் செல்லத்தங்கம் அதைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். கமீலா கேட்டுப் போனார்.

“ஒருக்காக் குடுத்தத கடல் கொண்டுபோச்சு புள்ள. இப்ப இருக்கிறது கொட்டில். சொந்த வீட்டில விளக்கு வெக்காம இந்தப் பெட்டி திறக்கமாட்டன்.”

“வெச்சதும் சொல்லுங்க அக்கா. வாறன்.”

வீடு எழும்ப நான்கரை ஆண்டுகள் சென்றன. போரால் பாதை மறித்த நாட்கள் நீங்கலாக, மாதத்துக்கு ஒருமுறை கமீலா பாண்டிருப்புக்குப் போய்வந்தார். கொப்பியைப் பற்றிக் கதைக்கவில்லை. சுவர் எவ்வளவு எழும்பியது என்று மட்டும் பார்த்தார். ஏழு கதைகளோடு வெளியிடலாம் என்று மூன்று ஆசிரியர்கள் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில்: “எட்டு.”

போர் முடிந்த மறுமாதம், 2009 ஜூன் 20, சனிக்கிழமை, பெட்டி திறந்தது. கொப்பி வாசல் தாண்டவில்லை. மூன்று சனிக்கிழமைகள் கமீலா அங்கேயே தரையில் இருந்து, வாசித்து வாசித்துப் படியெடுத்தார். எழுத்தறியாத செல்லத்தங்கம் கதையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

“இதில வாற கிழவி நான்தானே? என்னை இவ்வளவு வாய்க்காரியாவா எழுதிவெச்சிருக்காள்!”

“மாத்தட்டா அக்கா?”

“ஒரு எழுத்தும் மாத்தப்படாது.”

ஓகஸ்ட் 14 அன்று, பதினான்காம் இதழுக்குப் பின், பத்தாம் இதழ் வந்தது. துறை அலுமாரியில் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பத்துக்கு இடம் பிடித்துச் செருகியிருந்த மட்டையைக் கமீலா உருவி எடுத்தார்.